ராகியும் எலியும்: பிசிஓஎஸ் ஆய்வுக்கு எந்த முறை?

கேள்வி: பாலக்கோட்டைச் சேர்ந்த எம்.ஃபார்ம் மாணவி நான். சினைப்பை நீர்க்கட்டி நோயான பிசிஓஎஸ்ஸுக்கு முளைகட்டிய ராகி மாவு உதவுமா என்று எலிகளில் பார்க்கப்போகிறேன். பெண் இயக்குநீரான ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மருந்தைக் கொடுத்து நோயை உண்டாக்கலாம் என்கிறார் வழிகாட்டி. உடலில் ஆண் இயக்குநீராக மாறும் டிஹெச்இஏ என்ற பொருளின் ஊசிதான் நல்லது என்கிறார் சீனியர் அக்கா. எதை எடுப்பது? செம்மறியாட்டிலும் இந்த ஆய்வு நடப்பதாகப் படித்தேன். பாட்டி வீட்டில் இருபது ஆடுகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தலாமா?

பதில்: பாட்டியின் ஆடுகள் நிம்மதியாக மேயட்டும். ஆய்வு விலங்குகளைப் பதிவு பெற்ற இடத்திலிருந்துதான் வாங்க வேண்டும் என்கின்றன விலங்கு ஆய்வுகளுக்கான 1998ஆம் ஆண்டு விதிகள். ஆடு போன்ற பெரிய விலங்கு என்றால் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவும் அனுமதிக்க வேண்டும். காலமும் இடம் தராது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தது இது: சினையாட்டுக்கு 30ஆம் நாள் முதல் 90ஆம் நாள் வரை ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோன் ஊசி. அவர்கள் கவனித்தது தாயாட்டை அல்ல, பிறக்கும் பெட்டைக்குட்டியை. அது வளர்ந்தபின் பருவச் சுழற்சி தடுமாறுகிறது, சினைப்பையில் முட்டையைத் தாங்கும் நுண்பைகள் பெருகுகின்றன, இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்குவதில்லை. சினைக்காலமே ஐந்து மாதம்; குட்டி பருவத்துக்கு வருவதற்குள் உங்கள் படிப்பு முடிந்துவிடும்.

ஆனாலும் ஆட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மனிதக் குழந்தையைப் போலவே ஆட்டுக்குட்டிக்கும் சினைப்பையின் நுண்பைகள் தாய் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன. சுழற்சிக்கு ஒன்றிரண்டு முட்டைதான் வெளிவரும். எலிக்கு அவை பெரும்பாலும் பிறந்த பிறகே உருவாகின்றன. முட்டைகளும் ஒரே நேரத்தில் பத்துக்கு மேல் வரும். மாதவிடாய் கிடையாது, சுழற்சி நான்கைந்து நாளில் முடிந்துவிடும். எலிக்கு வருவது பிசிஓஎஸ் அல்ல, அதன் சாயல். ஆய்வேட்டின் தலைப்பிலேயே ‘லெட்ரோசோலால் தூண்டப்பட்ட’ என்று எழுதச் சொல்வது இதனால்தான்.

லெட்ரோசோலா, டிஹெச்இஏவா என்பதைவிட, ராகி எங்கே வேலை செய்யும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதே முதலில் கேட்க வேண்டியது. இரத்தச் சர்க்கரையிலும் இன்சுலினிலும் என்றால், அந்தக் கோளாறு உண்மையிலேயே இருக்கும் எலி வேண்டும். வளர்ந்த பெண் எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 1 மில்லிகிராம் வீதம் 21 நாள் லெட்ரோசோல் புகட்டினால் டெஸ்டோஸ்டிரோன் ஏறும், நீர்க்கட்டிகள் தோன்றும், சுழற்சி நின்றுபோகும். இன்சுலின் கோளாறு மட்டும் எல்லா எலிகளிலும் நம்பத்தக்க வகையில் வருவதில்லை. கோளாறே இல்லாத எலிக்கு ராகியைக் கொடுத்துவிட்டு ‘பயனில்லை’ என்று எழுதினால் தவறு ராகியுடையது அல்ல.

டிஹெச்இஏவை 100 கிராம் எடைக்கு 6 மில்லிகிராம் வீதம் நல்லெண்ணெயில் கலந்து, பால்குடி மறந்த குட்டி எலிகளுக்கு 20 நாள் தோலுக்கடியில் போடுவார்கள். அந்த வயதில் எலிக்குச் சுழற்சியே தொடங்கியிருக்காது. ஆகவே ‘முன்பு ஒழுங்காக இருந்தது, பிறகு கெட்டது’ என்று காட்ட முடியாது. சினைப்பையையும் இன்சுலினையும் சேர்த்துக் கெடுப்பதில் டிஹெச்டி என்ற ஆண் இயக்குநீரைப் பல வாரம் மெதுவாகக் கசியவிடும் வில்லைகள்தான் மேல். விலையைப் பார்த்தால் உங்கள் துறைத்தலைவர் முகம் சுளிப்பார்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் லெட்ரோசோலுடன் கொழுப்பு மிகுந்த தீவனம் சேர்த்துக் கொடுப்பேன். ராகியைத் தொடங்குமுன் ஒவ்வொரு எலிக்கும் குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை (குளுக்கோஸ் கொடுத்து, இரத்தச் சர்க்கரை ஏறி இறங்குவதைப் பார்ப்பது) செய்து, கோளாறு வந்ததா என்று உறுதிசெய்துகொள்வேன்.

லெட்ரோசோலைப் பற்றி ஒரு வேடிக்கை. எலிக்கு நோயை வரவழைக்கும் இதே மருந்தைத்தான் பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்குக் கருமுட்டை வெளிவர ஐந்து நாள் மாத்திரையாகத் தருகிறார்கள். வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள். டெஸ்டோஸ்டிரோன் ஈஸ்ட்ரோஜனாக மாறுவதை அது தடுக்கிறது. ஐந்து நாள் தடுத்தால், ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதே என்று மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, முட்டையை வளர்க்கும் எஃப்எஸ்ஹெச் என்ற இயக்குநீரைக் கூட்டி அனுப்புகிறது, முட்டை வளர்கிறது. மூன்று வாரம் விடாமல் தடுத்தால் மாறாத டெஸ்டோஸ்டிரோன் தேங்கிவிடுகிறது. இந்தியாவில் 2011இல் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு இதைத் தடைசெய்து, 2017இல் தடையை நீக்கினார்கள். லெட்ரோசோல் எலியில் ஈஸ்ட்ரோஜன் குறைவு, பிசிஓஎஸ் பெண்களில் பொதுவாக அப்படி இல்லை. இந்த வேறுபாட்டை மறைக்காமல் எழுதுங்கள்.

இனி விலங்குக்கூடம். எலி வந்ததும் மருந்தைத் தொடங்காதீர்கள். இரண்டு வாரம் தினமும் காலை ஒரே நேரத்தில் யோனிக் கசிவை எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். உட்கருவுள்ள செல்கள், உட்கரு இழந்த செதில் செல்கள், வெள்ளணுக்கள் என்று மாறி மாறி வந்தால் சுழற்சி ஒழுங்காக ஓடுகிறது என்று பொருள்; அந்த எலிகளை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்து பிடித்தபின் வெள்ளணுக்கள் நிறைந்த ஒரே காட்சி நாள்கணக்கில் நீடிக்கும். சோம்பலில் இதை விட்டவர்களின் ஆய்வேடுகளை நிறையத் திருத்தியிருக்கிறேன்.

விளக்கு 12 மணி நேரம் எரிய வேண்டும், 12 மணி நேரம் அணைந்திருக்க வேண்டும். இரவு பகலாக வெளிச்சம் இருந்தாலே எலிச் சினைப்பையில் கட்டி வரும். அதையே ஒரு முறையாக வைத்து முன்பு ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். ஓர் ஆய்வில் எங்கள் ஒப்பீட்டுக் குழு எலிகளுக்கும் சுழற்சி நின்றுபோனது. இரவு விளக்கை யாரோ அணைக்காமல் விட்டிருந்தார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. தீவன மூட்டையில் சோயா இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள்கள் உண்டு. ராகி கலந்த தீவனமும் கலக்காத தீவனமும் ஒரே கலோரி அளவில் இருக்கட்டும்.

கடைசியாக, பலர் வழுக்கும் இடம். லெட்ரோசோலை நிறுத்தியதும் மருந்து உடலைவிட்டுப் போகும், எலி தானாகவும் தேறத் தொடங்கலாம். அந்தப் பெருமையை ராகி வாங்கிக்கொள்ளக் கூடாது. நோய் வந்தபின் எதுவும் கொடுக்காமல், ராகிக் குழுவை வைத்திருக்கும் அதே நாள்வரை வைத்துப் பார்க்கும் குழு ஒன்று வேண்டும். ஒப்பிடுவதற்காக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்து கொடுக்கும் குழு இதற்கு ஈடாகாது. கூடுதல் எலிகளின் எண்ணிக்கையை நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள்; ஒப்புதல் வந்தபின் கூட்டுவதென்றால் மறுபடியும் குழுவிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.