கேலரி சரிந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். இளைஞர் மன்றம் சார்பில் மார்ச் மாதம் பத்து நாள் ராத்திரி செவன்ஸ் கால்பந்து (அணிக்கு ஏழு பேர் ஆடுவது) நடத்தப் போகிறோம். கேலரி (ஆட்டம் பார்க்கிறவர்கள் உட்காரக் கம்பு நட்டுக் கட்டும் தற்காலிகப் படிவரிசை), லைட், ஜெனரேட்டர், அனுமதி எல்லாவற்றையும் ஒருவரே பேக்கேஜாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கேலரிக்கு ஏதாவது ஆனால் தானே பொறுப்பு என்று முத்திரைத்தாளில் எழுதித் தரவும் தயார். அது போதுமா?

பதில்: போதாது. அந்தத் தாளை வைத்து அவரிடம் நஷ்டஈடு கேட்கலாம், அவ்வளவுதான். உங்கள் மேல் போலீஸ் வழக்கு வருவதை அது தடுக்காது. 2022 மார்ச்சில் மலப்புரம் மாவட்டம் காளிகாவு பக்கம் செவன்ஸ் இறுதி ஆட்டத்தன்று கேலரி சரிந்து நூறு பேருக்கு மேல் அடிபட்டார்கள். வழக்கு போட்டி நடத்தியவர்கள் மேல்தான் பதிவானது. அலட்சியத்தால் ஓர் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 106-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ஆட்களைக் கூப்பிட்டு, டிக்கெட் விற்று, உட்கார வைத்தது நீங்கள். அந்தப் பொறுப்பை இன்னொருவர் பேருக்கு எழுதி மாற்ற முடியாது.

இந்த பேக்கேஜ்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இவர்களிடம் ஒரு மூங்கில்கூடச் சொந்தமாக இருக்காது. வேலையை இன்னொருவருக்கு விடுவார்கள், அவர் வேறொருவருக்கு விடுவார். நடுவில் ஒவ்வொருவரும் கமிஷன் எடுத்தது போக மிஞ்சும் காசில்தான் கம்பும் கயிறும் வரும். நாலு சீசன் பார்த்த பாக்குமரம், வெயிலில் காய்ந்து வெடித்த மூங்கில், பழைய கயிறு. அப்புறம் ‘என்ஜினீயர் சர்டிபிகேட்’ என்று ஒன்று காட்டுவார்கள். நான் சோதிக்கப் போன ஒரு மைதானத்தில், முதல் கம்பு நடுவதற்கு இரண்டு நாள் முந்தைய தேதி போட்டு அந்த சர்டிபிகேட் இருந்தது! கையெழுத்துப் போட்டவர் மைதானத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சர்டிபிகேட் வேண்டுமென்றால் என்ஜினீயரை நீங்களே பிடியுங்கள், சம்பளத்தை நீங்களே கொடுங்கள். கேலரி கட்டி முடித்த பிறகு வந்து, கீழே குனிந்து பார்த்து எழுதித் தரட்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கணக்கைப் பாருங்கள். நாற்பது அடி நீளம், எட்டு வரிசை. ஆளுக்கு ஒன்றரை அடி என்றால் வரிசைக்கு 26 பேர், மொத்தம் 208 பேர். ஆளுக்கு 65 கிலோ வைத்தாலும் 13 டன்னுக்கு மேல். அது சும்மா உட்கார்ந்திருக்கும்போது. கோல் விழுந்ததும் 208 பேரும் ஒரே நேரத்தில் எழுந்து குதிப்பார்கள், பக்கவாட்டில் ஆடுவார்கள். கேலரி பெரும்பாலும் இந்தப் பக்கவாட்டு ஆட்டத்தில்தான் சாய்கிறது. அதனால் நேர்க்கம்புகளை எண்ணிக்கொண்டிருக்காமல், நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பெருக்கல் குறி மாதிரி குறுக்குக்கட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்கள் ஏறுவதற்கு முன்பு இரண்டு பேர் பின்புறக் கம்பு ஒன்றைப் பிடித்துத் தள்ளட்டும். மேல் வரிசை அசைந்தால் பணத்தைப் பிடித்து வையுங்கள்.

உங்கள் பகுதி கரிசல் மண். மார்ச்சில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், கல் மாதிரி தெரியும். ஒரு கோடை மழை போதும், கம்பு தானாக இறங்கிவிடும். வெறும் குழி தோண்டி நடாமல் கம்புக்கு அடியில் கல்லோ தடித்த பலகையோ போடச் சொல்லுங்கள். முதல் நாள் மழை பெய்திருந்தால், மறுநாள் எல்லாக் கட்டுகளையும் திரும்பப் பார்க்காமல் யாரையும் ஏற்றக் கூடாது.

கேலரியே வேண்டாம் என்ற வாய்ப்பும் உண்டு. மைதானத்தை ஒட்டி இயற்கையான மேட்டுச்சரிவு இருந்தால் அதிலேயே உட்கார வைக்கலாம். ஆனால் எல்லா மேடும் சரிவு ஆகாது. ஏரிக்கரை, வாய்க்கால் கரை வேண்டவே வேண்டாம். பின்னால் தண்ணீர், ராத்திரி இருட்டு. ஜேசிபி வைத்துப் புதிதாகக் கொட்டிய மண்மேடும் வேண்டாம், அது இறுகுவதற்கே ஒரு மழைக்காலம் பிடிக்கும். செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளத்தின் ஓரம் நிச்சயமாக வேண்டாம். புல் பிடித்து, மாடு மேய்ந்து, வருஷக்கணக்காக அப்படியே கிடக்கும் சரிவுதான் நான் சொல்வது.

அனுமதி விஷயம் எரிச்சலூட்டும். பஞ்சாயத்தில் போலீஸ் கடிதம் கேட்பார்கள், போலீஸில் பஞ்சாயத்துக் கடிதம் கேட்பார்கள். இத்தனை முத்திரை குத்துகிறவர்களில் ஒருவராவது கேலரியில் ஏறிப் பார்ப்பாரா? 2020 ஜனவரியில் உங்களுக்குப் பக்கத்தில் பாலக்காடு நூரணியில், ஆடும்போது களத்தில் சுருண்டு விழுந்து இறந்துபோன கால்பந்து வீரர் தனராஜனின் குடும்பத்துக்காக ஏற்பாடு செய்த ஆட்டத்தன்று கேலரி விழுந்தது. அதற்குப் பிறகும் காகிதத்தைத்தான் சரிபார்க்கிறார்கள். இருந்தாலும் அலைந்து வாங்குங்கள், மன்றத்தின் பெயரில் வாங்குங்கள். விபத்துக் காப்பீடும் மன்றத்தின் பெயரிலேயே இருக்கட்டும். தற்காலிகக் கேலரிக்கும் அது பொருந்தும் என்று எழுத்தில் கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மைக்கை நிறுத்திவிடுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பு அந்த பேக்கேஜ்காரரிடம் ஒன்று கேளுங்கள்: கம்பு கட்டப் போகிற ஆள் யார்? அவரை நாளைக்கே மைதானத்துக்குக் கூட்டி வரச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.