அப்பாவின் மறதி: ஈரலா, பரம்பரையா?
அப்பாவுக்கு ஹெபடைடிஸ் சி (ஈரலைத் தாக்கும் வைரஸ் நோய்), இப்போது பெயர்கள் மறக்கின்றன, பாட்டிக்கும் அல்சைமர் இருந்ததால் ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது அப்புறம். ஏபிஓஇ4 என்ற மரபணு வகை அல்சைமர் வாய்ப்பைக் கூட்டும், ஆனால் அது இருந்தாலே நோய் வரும் என்றில்லை. (வேடிக்கை, ஹெபடைடிஸ் சி-யில் அதே வகை ஈரல் சேதத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் உண்டு!)

முதலில் ஈரலைப் பாருங்கள். சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகிப்போவது) இருந்தால் ரத்தத்தில் அம்மோனியா ஏறி மூளையைக் குழப்பும். பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறாரா? கையெழுத்து கோணுகிறதா? கைகளை முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கச் சொல்லுங்கள். சிறகடிப்பதுபோல் கை விழுந்து விழுந்து எழுந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். அம்மோனியாவை மலத்தோடு வெளியேற்றும் லாக்டுலோஸ் சிரப்பிலேயே பலர் தெளிகிறார்கள்.

சிரோசிஸ் இல்லாமலும் இந்த வைரஸ் மூளை மந்தம் தரும். வைரஸை ஒழிக்கும் சோபோஸ்புவிர் மருந்து சேர்ந்த 12 வார மாத்திரை ஆரம்பித்தாயிற்றா?