கிளினிக்ஸில் மாணவர்கள் ஏன் தரையைப் பார்க்கிறார்கள்?

வணக்கம் டாக்டர்,

பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்துவிட்டு, மாவட்டத் தலைநகர் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். ஓ.பி. முடித்து வார்டுக்கு வந்தால் கிளினிக்ஸுக்கு (நோயாளியின் அருகே நடத்தும் வகுப்புக்கு) இருபது மாணவர்கள் காத்திருக்கிறார்கள். கேள்வி கேட்டால் தரையைப் பார்க்கிறார்கள். கடைசியில் முழுக் கேஸையும் நானே சொல்லி முடிக்கிறேன். எல்லாரும் எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் கேட்டால் ஒருவருக்கும் நினைவில்லை. இதற்கிடையே முதலாண்டு பி.ஜி. (முதுநிலை மாணவர்) ஒருவரின் ஆய்வுக்கு என்னைக் கோ-கைடாகவும் (துணை வழிகாட்டியாகவும்) போட்டுவிட்டார்கள். மருத்துவக் கல்விப் பயிற்சி வகுப்புகளுக்குப் போனால் இதெல்லாம் சரியாகுமா, அல்லது புரமோஷனுக்கான சான்றிதழோடு முடிந்துவிடுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள டாக்டர்,

மாணவர்கள் பேசாததற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தால் போதும், சார் விடையைச் சொல்லிவிடுவார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கேள்வி கேட்ட பிறகு குறைந்தது ஐந்து வினாடி வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். வார்டில் அது மிக நீளமாகத் தெரியும். பெரும்பாலான ஆசிரியர்கள் இரண்டாவது வினாடியிலேயே அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறோம்.

அடுத்தது, என்ன கேட்பது என்பது. 'அசைட்டீஸின் (வயிற்றில் நீர் சேர்வதன்) காரணங்கள் என்னென்ன?' என்பது வைவா (வாய்மொழித் தேர்வு) கேள்வி, அதை வார்டில் கேட்க வேண்டாம். 'இவருக்கு என்ன இருக்கிறது என்று நினைக்கிறாய்? ஒன்றே ஒன்று சொல்' என்று கேளுங்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் குடும்ப மருத்துவம் கற்பித்தவர்கள் 1992-இல் எழுதிய 'ஒன் மினிட் பிரிசெப்டர்' முறை இங்கிருந்துதான் தொடங்குகிறது. மாணவனை முதலில் ஒரு முடிவு சொல்ல வைக்க வேண்டும், பிறகு அதற்கு ஆதாரம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரே ஒரு பொது விதியைக் கற்பித்து, சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லி, பிழையைத் திருத்த வேண்டும். பெயரில் ஒரு நிமிடம் என்றிருந்தாலும் ஐந்து நிமிடமாவது ஆகும்.

நம் வார்டில் இது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். நாற்பது வயதுக்காரர், வயிறு வீங்கி அட்மிட் ஆகியிருக்கிறார். குடிப்பழக்கம் உண்டு. மாணவன் 'சிரோசிஸ் சார்' என்கிறான், அதாவது கல்லீரல் தழும்பேறிய நோய். சரியா தவறா என்று முகத்தில் காட்டாதீர்கள். 'எதை வைத்துச் சொல்கிறாய்?' குடிக்கிறார், வயிறு வீங்கியிருக்கிறது, தட்டிப் பார்த்தால் ஷிஃப்டிங் டல்னஸ் (நோயாளியைத் திருப்பினால் மந்தமான ஒலி இடம் மாறுவது, நீரின் அறிகுறி) இருக்கிறது. 'வேறு எதுவாக இருக்கலாம்? அதை விலக்க எங்கே பார்த்தாய்?' இங்கேதான் ஓட்டை தெரியும்: கழுத்தை அவன் பார்க்கவே இல்லை. நோயாளியை 45 டிகிரியில் சாய்த்து ஜே.வி.பி. (கழுத்துச் சிரையின் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். சிரைத் துடிப்பின் மேல் எல்லை தெரியவில்லை என்பான். அதனால் ஜே.வி.பி. உயரவில்லை என்று எழுதிவிடுவான், இது எல்லா பேட்ச்சிலும் நடப்பது. அழுத்தம் மிக அதிகமானால் எல்லை தாடைக்குப் பின்னால் போய்விடும். நேராக உட்கார வைத்தால் தெரியும். கன்ஸ்ட்ரிக்டிவ் பெரிகார்டைட்டிஸ் (இதயத்தைச் சுற்றிய உறை தடித்து இறுகும் நோய்) இப்படித்தான் கல்லீரல் நோய் என்ற பெயரில் வார்டு வார்டாகச் சுற்றுகிறது. டி.பி. இதற்கு ஒரு முக்கியக் காரணம்; அது இத்தனை உள்ள நம் நாட்டில் இதைத் தவறவிடக் கூடாது. வயிற்று நீரை எடுத்துப் பார்த்தாலும் இந்த இரண்டு நோயிலுமே ஸாக் (ரத்தத்துக்கும் அந்த நீருக்கும் உள்ள ஆல்புமின் வித்தியாசம்) 1.1-க்கு மேல்தான் வரும். நீரில் புரதம் டெசிலிட்டருக்கு 2.5 கிராமுக்கு மேல் இருந்தால் இதயத்தின் பக்கம் யோசிக்க வேண்டும்.

அன்றைக்கு நீங்கள் கற்பிக்க வேண்டிய விதி ஒன்றுதான்: வயிற்றில் நீர் இருந்தால், கல்லீரல் என்று எழுதுவதற்கு முன் கழுத்தைப் பார். ஸாக் கணக்கு, டையூரெடிக் (நீர் பிரிக்கும் மருந்து) டோஸ், எஸ்.பி.பி. (வயிற்று நீரில் வரும் தொற்று) எல்லாவற்றையும் அதே மூச்சில் சொல்லத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டார்கள், நினைவில்லை என்றீர்களே, அது இதனால்தான்.

'குட், நல்லாப் படிங்க' என்பது ஃபீட்பேக் இல்லை. 'ஷிஃப்டிங் டல்னஸுக்கு நோயாளியைத் திருப்பிய பிறகு சற்று நிறுத்தித் தட்டினாய், அது சரி. ஜே.வி.பி. தெரியாதபோது நிலையை மாற்றிப் பார்க்கவில்லை, நாளைக்கு மாற்றிப் பார்' என்றால் அவனுக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. இதை நோயாளியின் படுக்கையருகே சொல்ல வேண்டாம், நான்கடி தள்ளி வராந்தாவில் சொல்லலாம். நோயாளியிடம் முதலிலேயே அனுமதி கேளுங்கள். இருபது நிமிடம் தன் தலைக்கு மேல் ஆங்கிலத்தில் பேசுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தவருக்கு, முடிந்ததும் தமிழில் இரண்டு வரியாவது சொல்லிவிட்டு நகருங்கள்.

இருபது பேரை ஒரே கட்டிலைச் சுற்றி நிறுத்தினால் பின்வரிசை ஃபோனைத்தான் பார்க்கும். ஐந்து ஐந்தாகப் பிரித்து நான்கு நோயாளிகளிடம் அனுப்புங்கள், இரண்டு குழுக்களை பி.ஜி.க்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு குழுவிலிருந்து ஒருவன் ஏதாவது ஒரு பரிசோதனையைச் செய்வதை ஐந்து நிமிடம் குறுக்கிடாமல் நின்று பாருங்கள். ஜான் நார்சினி 1995-இல் அறிமுகப்படுத்திய மினி-செக்ஸ் மதிப்பீட்டு முறையின் சாரம் இதுதான். அதற்கான படிவம் பிறகு வரட்டும். மாணவன் கை வைத்து மண்ணீரலைத் தேடுவதை ஒருமுறைகூடப் பார்க்காமல், போஸ்டிங்கின் கடைசி நாளில் லாக்புக் அடுக்கில் வரிசையாகக் கையெழுத்துப் போடுவதைத்தான் பல துறைகளில் மதிப்பீடு என்கிறோம்.

பயிற்சி வகுப்புகள் பற்றி. மருத்துவக் கல்வி அடிப்படைப் பயிற்சியும், சென்னை என்.ஐ.இ. (தேசிய தொற்றுநோயியல் நிறுவனம்) இணையவழி நடத்தும் அடிப்படை ஆராய்ச்சிப் பயிற்சியும் புரமோஷனுக்குத் தேவை, தள்ளிப்போடாமல் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் ஆர்வம் இருந்தால் கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியின் ஃபைமர் ஃபெலோஷிப்பை (மருத்துவ ஆசிரியர்களுக்கான பயிற்சி) பாருங்கள். அங்கே உங்கள் சொந்தக் கல்லூரியிலேயே ஒரு கல்வித் திட்டத்தை நடத்திக் காட்ட வேண்டும், அதனால் கேட்டுவிட்டு மறந்துபோவது கடினம். ஆனால் கற்பிக்கும் விதம் மாற வேண்டுமென்றால் செலவில்லாத வழி ஒன்று உண்டு. அடுத்த யூனிட் நண்பர் ஒருவரை உங்கள் கிளினிக்ஸில் இருபது நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள், மாணவர்கள் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று மட்டும் அவர் குறித்துத் தரட்டும்.

பி.ஜி. விஷயத்தில் முதல் வேலை, ஆய்வுத் தலைப்பு எத்தனை அழகாக இருந்தாலும் அட்மிஷன் ரிஜிஸ்டரைத் திறந்து கடந்த மூன்று மாதங்களில் அந்த நோயோடு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ண வைப்பது. மாதம் ஆறு பேர் வந்தால், தகுதியின்மை, சம்மதமின்மை, பாதியில் டிஸ்சார்ஜ் எல்லாம் போக மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு மாதத்தில் 54. சாம்பிள் சைஸ் 150 என்று புரோட்டோகாலில் (ஆய்வுத் திட்டத்தில்) எழுதியவர்தான் கடைசி வருடத்தில் எண்களைக் 'கண்டுபிடிக்க'த் தொடங்குகிறார். புரோஃபார்மாவை (தகவல் குறிக்கும் படிவத்தை) ஐந்து நோயாளிகளிடம் நிரப்பிப் பார்த்தால், எந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது என்று தெரிந்துவிடும். எதிக்ஸ் கமிட்டி அனுமதிக்கு முன் டேட்டா எடுக்கத் தொடங்கக் கூடாது. மருந்தோ சிகிச்சையோ கொடுத்து ஒப்பிடும் ஆய்வென்றால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ.யில் (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில்) பதிவு செய்திருக்க வேண்டும். ஆய்வு தொடங்கிய பிறகு பதிவு செய்யும் வழி 2018 ஏப்ரலோடு நின்றுவிட்டது.

கைடிடமும் பி.ஜி.யிடமும் இப்போதே உட்கார்ந்து, கட்டுரை வெளியானால் யார் முதல் பெயர், யார் தொடர்பு ஆசிரியர் என்று பேசி ஒரு மெயிலில் எழுதிவையுங்கள். வேலை முழுவதும் செய்தது பி.ஜி. என்றால் முதல் பெயர் அவருடையது. உங்கள் புரமோஷனுக்கு அது தேவைப்படும் வருடத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் நன்றாக இருக்காது.