மல்லாந்து கிடக்கிறது, தூக்கிப் போடலாமா?

கேள்வி: மகன் பல்கலைக்கழகம் போகும்போது, தான் வளர்க்கும் மெக்சிக்கன் ரெட்நீ டரான்டுலா என்ற பெரிய ரோமச் சிலந்தியை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். வன்னியில் புலிமுகச் சிலந்திக்குப் பயந்து வளர்ந்தவள் நான். ஆறு வாரமாக அது ஒரு சுவர்க்கோழியைக்கூடத் தொடவில்லை. இன்று காலை மல்லாந்து கிடக்கிறது. செத்துவிட்டதா? தூக்கிப் போடலாமா? உயிரோடு இருந்தால் இன்னும் எத்தனை காலம் நான் இதைப் பார்க்க வேண்டும்?
- ஒரு தாய், ஈஸ்ட்ஹாம், லண்டன்

பதில்: குப்பைப் பையைக் கீழே வையுங்கள், சகோதரி. மல்லாந்து கிடப்பதால்தான் அது உயிரோடு இருக்கிறது என்று நம்புகிறேன். சாகிற டரான்டுலா பெரும்பாலும் வயிறு கீழே இருக்கும்படியே கிடக்கும். எட்டுக் காலும் அடியில் சுருண்டு, மூடிய கைபோல ஆகிவிடும். உடலுக்குள் உள்ள திரவத்தின் அழுத்தத்தால்தான் அது கால்களை நீட்டுகிறது. அழுத்தம் போனால் கால்கள் தாமாகவே மடங்கிவிடும். உங்கள் வீட்டில் நடப்பது தோல் உரிப்பு. ஆறு வாரப் பட்டினியும் அதற்கான ஆயத்தம்தான். வளர்ந்த டரான்டுலா மாதக்கணக்கில்கூடச் சாப்பிடாமல் இருக்கும்.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. தொடாதீர்கள், புரட்டிவிடாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். பெட்டிக்குள் உயிருள்ள சுவர்க்கோழி ஏதும் இருந்தால் மட்டும் நீண்ட இடுக்கியால் மெதுவாக எடுத்துவிடுங்கள். தோல் உரிக்கும் நேரத்தில் சிலந்தியின் உடல் அவ்வளவு மென்மை, இரையே அதைக் கடித்துக் குதறிவிடும். சில மணி நேரத்தில், சிலசமயம் ஒரு நாள் கழித்து, பெட்டிக்குள் இரண்டு சிலந்திகள் இருப்பதுபோலத் தெரியும். அலறவேண்டாம், ஒன்று வெறும் தோல்.

உரித்து முடித்ததும் பாவம் என்று உடனே இரை போடாதீர்கள். புதிய பற்கள் முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கறுத்த பிறகுதான் கெட்டிப்படும். பத்துப் பதினைந்து நாள் பொறுங்கள். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் எப்போதும் நிறைந்திருக்கட்டும். அதன்பின் வாரத்துக்கு ஒன்றிரண்டு சுவர்க்கோழி தாராளம். வீட்டில் மனிதருக்குப் போதுமான கதகதப்பு அதற்கும் போதும், விளக்குப் போட்டுச் சூடாக்கவேண்டாம். பெட்டி இருக்கும் அறையில் கரப்பான் மருந்து அடிப்பதை மட்டும் அடியோடு நிறுத்துங்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஊரில் பார்த்த புலிமுகச் சிலந்தி வேறு இனம். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்வது, மின்னல் வேகம், கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் நாள்கணக்கில் படுத்தும். மெக்சிக்கோவின் பசிபிக் கரையைச் சேர்ந்த ரெட்நீ அதனோடு ஒப்பிட்டால் சாது. இதன் ஆயுதம் கடியைவிட ரோமம். மிரண்டால் பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்து நுண்ணிய முடிகளைக் காற்றில் பறக்கவிடும். தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் மருத்துவரிடம்தான் போகவேண்டும். எனவே பெட்டியைத் துப்புரவாக்கும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கழற்றிய தோலிலும் அந்த முடி உண்டு. கையில் எடுத்துக் கொஞ்சும் ஆசை உங்களுக்கு இராது என்று நினைக்கிறேன்; நல்லதுதான், இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே அதன் வயிறு வெடித்துவிடலாம்.

எத்தனை காலம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண் என்றால், கடைசித் தோலுரித்துப் பருவமடைந்த பிறகு பெரும்பாலும் ஓரிரு வருடம்தான். பெண் என்றால் 20 வருடம் தாண்டும், 25-ம் ஆகலாம். எது என்பதை அந்தப் பழைய தோலின் வயிற்றுப் பகுதியை விரித்துப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆகவே தோலை எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், மகன் விடுமுறைக்கு வந்து பார்க்கட்டும். பெண் என்று தெரிந்தால், படிப்பு முடித்து எங்கே வேலைக்குப் போனாலும் பெட்டியும் கூடவே போகும் என்று அன்றைக்கே அவனிடம் வாக்கு வாங்கிவிடுங்கள்.