தகடு பாகம் டிசைன் பண்றவங்களுக்கு: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

அம்பத்தூர்ல லேசர், பென்டிங் ஜாப் பண்ற ஷாப்ல 18 வருஷமா இருக்கேன். தகடு சம்பந்தமா எது வேணா கேளுங்க.

கேள்வி: அண்ணா, லாக்கர் கதவுக்கு ரேட் ரொம்ப சொல்றாங்க. மடிக்கறதுக்கு முன்னாடி விரிச்ச சைஸ் 420க்கு 1900 மி.மீ. எங்க குறைக்கலாம்?

பதில்: தம்பி, முதல்ல ஷீட்ட பாருங்க. நமக்கு வர்றது 1250க்கு 2500, அதுல 420 அகலம்னா ரெண்டு கதவுதான் வரும், பக்கத்துல 400 மி.மீக்கு மேல ஒரு நீள பட்டை சும்மா ஸ்கிராப்புக்கு போகும், அதுக்கும் சேர்த்துதான் நீங்க காசு குடுக்குறீங்க. கதவோட மடிப்ப கொஞ்சம் குறைச்சு 405க்கு கொண்டு வாங்க, நடுவுல 5 மி.மீ இடைவெளி விட்டாலும் மூணு உட்காரும். அதே ஷீட்டு, ரெண்டுக்கு பதிலா மூணு கதவு. இத டிராயிங் போடறப்பவே யோசிக்கணும், பிஓ (ஆர்டர்) வந்தப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.

கேள்வி: மடிப்புக்கு பக்கத்துல ஓட்டை வைக்கலாமா?

பதில்: வைக்காதீங்க. மடிக்கறப்ப ஓட்டை இழுத்துக்கிட்டு முட்டை மாதிரி ஆயிடும், போல்ட் ஏறாது. 1.5 மி.மீ தகடுன்னா மடிப்போட உள்முகத்துல இருந்து ஓட்டை விளிம்பு வரைக்கும் 6 மி.மீயாவது விடுங்க. ஒரு பார்ட்டி 50 பீஸ் அப்படி கோணலா வாங்கிட்டு போய் ஒவ்வொண்ணா ரவுண்ட் ஃபைல் வெச்சு ராவுனத நான் பக்கத்துல நின்னு பாத்தேன், பாவமா இருந்துச்சு.

கேள்வி: 6061 டி6 அலுமினியம் மடிச்சா வெடிக்குது சார்.

பதில்: வெடிக்கத்தான் செய்யும். 5052 கிரேடு அலுமினியத்துக்கு மாறுங்க.

கேள்வி: சாஃப்ட்வேர்ல கே ஃபேக்டர் (மடியறப்ப நீளம் மாறாத அடுக்கு தகட்டுல எவ்ளோ ஆழத்துல இருக்குன்னு சொல்ற எண்) 0.44 அப்படியே வெச்சேன், நாலு மடிப்பு பாக்ஸ் கிட்டத்தட்ட ஒன்றரை மி.மீ பெருசா வந்துச்சு. கே ஃபேக்டர் தப்புதானே?

பதில்: மடிப்போட உள்பக்க வளைவுக்கு ரேடியஸ் என்ன போட்டீங்க?

கேள்வி: 1 மி.மீ. அது சும்மா டிஃபால்ட்தானே, கே ஃபேக்டர்தான் முக்கியம்னு எங்க டீம்ல எல்லாரும் சொல்றாங்க.

பதில்: இல்லங்க, இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். 1.5 மி.மீ சிஆர் (கோல்ட் ரோல்டு ஸ்டீல்) தகட்ட 12 மி.மீ வாய் இருக்கற வி டைல (தகட்ட அழுத்தி மடிக்கற வி வடிவ அச்சு) மடிச்சா உள்ள 2 மி.மீ ரேடியஸ்தான் விழும், நீங்க 1ன்னு வரைஞ்சா மெஷினுக்கு தெரியுமா? அதே 0.44 வெச்சே கணக்கு போடுங்க: விரிச்ச நீளத்துல ரேடியஸ் 1ன்னா மடிப்புக்கு 2.39 மி.மீ கழியும், 2ன்னா 2.82. ஒரு மடிப்புக்கு 0.43, நாலுக்கு 1.7 மி.மீ. அவ்ளோ கம்மியா கழிச்சிருக்கீங்க, உங்க பாக்ஸ் பெருசானதுக்கு காரணம் அதுதான். ஷாப்ல என்ன டை இருக்குன்னு ஒரு போன் போட்டு கேட்டுட்டு வரைங்க.

கேள்வி: அப்ப கே ஃபேக்டர் வேஸ்ட்டா?

பதில்: வேஸ்ட்னு நான் சொல்லவே இல்ல. ரேடியஸ சரி பண்ணிட்டு, அப்புறம் ஒரு துண்ட மடிச்சு அளந்து கே ஃபேக்டர திருத்துங்க.

கேள்வி: டை காஸ்டிங்ல (உலோகத்த உருக்கி அச்சுல வார்க்கறது) டிராஃப்ட், அதான் பாகம் அச்ச விட்டு கழண்டு வர விடற சரிவு, எவ்ளோ?

பதில்: அது என் ஏரியா இல்ல, ஃபவுண்டரிக்காரங்கள கேளுங்க.

கேள்வி: 1.2 மி.மீ தகட்டுல எம்4 (4 மி.மீ ஸ்க்ரூ) டேப் போட்டு மரை வெட்டலாமா?

பதில்: எம்4 பிட்ச் (மரைக்கு மரை தூரம்) 0.7 மி.மீ, ரெண்டு மரை கூட முழுசா கிடைக்காது. கிளின்ச் நட் (தகட்டு ஓட்டையில அழுத்தி பிடிக்க வைக்கற நட்) போடுங்க, அதையும் மடிப்ப விட்டு தள்ளி.

கேள்வி: மடிப்புல இருந்து 3 மி.மீல ஓட்டை, தகடு 1.5. ஓகேவா?

பதில்: மேலயே சொல்லிட்டேங்க, 6. எடமே இல்லன்னா மடிச்சப்புறம் டிரில் பண்ணுங்க, அதுக்கு தனி காசு ஆகும்.