பீவண்டுக்கு ஒரு நல்ல பெயர்

அன்புள்ள அண்ணா,
இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். அடுத்த வகுப்புக்கு விநோத விலங்குகள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன்: பால்வெளியை ரசித்தபடி நடக்கும் வண்டு, பொய்க்குரல் கொடுத்துத் திருடும் கரிச்சான், எதற்கும் அஞ்சாத தேன்வளைக்கரடி. அந்த வண்டைப் பீவண்டு என்கிறார்கள். பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நல்ல சொல் ஒன்று தருவீர்களா?
ம.

அன்புள்ள ம.,

பீவண்டு என்றே சொல்லுங்கள். பிள்ளைகள் ஐந்து நிமிடம் சிரிப்பார்கள், அப்புறம் கேள்வி கேட்பார்கள். அதைவிட என்ன வேண்டும்?

தேன்வளைக்கரடியை விட்டுவிடுங்கள், யூடியூபில் பார்த்துச் சலித்திருப்பார்கள். கரிச்சான் நல்ல தேர்வு. கலஹாரிப் பாலைவனத்தில் அது, கீரி இனத்து மீர்கேட்டுகளின் அபாயக்குரலை அப்படியே கத்தும். அவை அலறி ஓடியதும் விட்டுப்போன இரையைத் தூக்கிக்கொள்ளும். ஒரு குரலுக்கு ஏமாறாவிட்டால் வேறு குரலுக்கு மாறும். சரி, அதன் பிழைப்பு அது.

ஆனால் ‘ரசித்தபடி’ என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் விடமுடியவில்லை. யார் ரசித்தது? சாணிக் குவியலைச் சுற்றி நூறு வண்டுகள். ஒன்று பாடுபட்டு உருண்டை பிடித்தால் இன்னொன்று பிடுங்க வரும். தப்பிக்க ஒரே வழி, நேர்க்கோட்டில் ஓடுவது. வளைந்து போனால் திருடர் கூட்டத்துக்கே திரும்பி வந்துவிடும். ராத்திரியில் திசை தப்பாமல் ஓடத்தான் வானம். ஆய்வாளர்கள் சில வண்டுகளுக்கு அட்டைத் தொப்பி போட்டு மேலே பார்க்கவிடாமல் செய்தார்கள், திசைகெட்டுத் திரிந்தன. வானம் ஊடே தெரியும் தொப்பி போட்டவை ஒழுங்காகப் போயின. பிறகு ஜோஹானஸ்பர்க் கோளரங்கத்துக்குக் கொண்டுபோய்ப் பால்வெளிப் பட்டையை மட்டும் காட்டினார்கள். முழு வானத்தின் கீழ் போவதுபோலவே நேராகப் போயின. மேரி டாக்கேயும் மார்கஸ் பைர்னும் கூட்டாளிகளும் 2013-இல் இதை வெளியிட்டார்கள். அதே வருடம் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் கிடைத்தது.

எனக்குக் கிடைத்தது பாட்டியிடம் திட்டு. டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்துத் தகர வீட்டில், வெள்ளிக்கிழமை தரை மெழுகப் பாட்டி சாணி அள்ளப் போவாள். வாளி தூக்குவது நான். அங்கே ஒரு வண்டு தலைகீழாக நின்று பின்னங்கால்களால் உருண்டையைத் தள்ளிக்கொண்டு போகும். நான் தீப்பெட்டியைக் குறுக்கே வைப்பேன், உருண்டையைத் திருப்பிவிடுவேன். அது மேலே ஏறி ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கிப் பழைய திசையிலேயே தள்ளும். பகல் வண்டு, அதற்குச் சூரியன் போதும். அப்போது அதெல்லாம் தெரியாது; பிடிவாதம் பிடிக்கிறது என்று எனக்கு ஆத்திரம். ஒருநாள் உருண்டையை எடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டேன்.

“அதோட சோத்த எடுத்துப் பையில போட்டுக்கிட்டியாடா? உன் தட்ட நான் புடுங்கவா?”

திரும்பக் கொண்டுபோய் வைத்தபோது வண்டு இல்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு கடைசியாகத்தான் விழுந்தது. டவுசரை மட்டும் பாட்டியே துவைத்தாள்.

இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் மாடு பெருகிச் சாணி மலிந்து, ஈ மொய்த்தது. அந்த ஊர் வண்டுகளுக்குக் கங்காரு புழுக்கைதான் பழக்கம். 1960-களின் கடைசியில் தொடங்கி வெளிநாட்டு வண்டுகளை வரவழைத்தார்கள், நம் ஆப்பிரிக்க வண்டுகள் உட்பட. சாணி அள்ளக் கடல்கடந்து ஆள் எடுத்திருக்கிறார்கள், ம.! 1860-இல் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் இங்கே கரும்பு வெட்ட வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கவா வேண்டும்? அந்த வண்டைப் போய் நாம் விநோதம் என்கிறோம்.

மழை பெய்த மறுநாள் வகுப்பை மாடு மேயும் இடத்துக்கு மாற்றுங்கள். தீப்பெட்டி கொண்டுபோங்கள். உருண்டையை மட்டும் யாரும் பையில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்