ஜப்பானில் மலிவு விலை வீடு வாங்கலாமா? கேள்வி பதில்

டோக்கியோவுக்குப் பக்கத்தில் சிபா மாகாணம், அதன் தெற்கே போசோ தீபகற்பம். அங்கே ஒரு சிறிய ரியல் எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு விற்பனைக்கான தக்கென் உரிமம் வைத்திருக்கிறேன். பழைய காலி வீடுகளைப் பற்றித் தமிழர்கள் பலர் கேட்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அக்கா, ஐந்து லட்சம் யெனுக்கு வீடு என்று வீடியோ போடுகிறார்கள். உண்மையா? ஏன் இவ்வளவு மலிவு? (சென்னை)

உண்மைதான் தம்பி. 2023 அரசுக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க சுமார் 90 லட்சம் வீடுகள் காலி. மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். ஆனால் அந்த 90 லட்சமும் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. பாதிக்குப் பக்கமானவை வாடகைக்கு ஆள் தேடும் குடியிருப்புகள். யாரும் விற்கவும் இல்லை, வாடகைக்கு விடவும் இல்லை, சும்மா கிடக்கிறது என்ற வகை சுமார் 38.5 லட்சம். வீடியோவில் வரும் அகியா, அதாவது காலி வீடு, பெரும்பாலும் இந்த வகைதான்.

மலிவுக்குக் காரணம், இங்கே கட்டடத்துக்கு மதிப்பு நிற்பதில்லை. மரவீட்டின் ஆயுள் 22 வருடம் என்று வரிச் சட்டம் வைத்துக் கணக்குப் போடுகிறது. சந்தையும் கிட்டத்தட்ட அதே வழியில்தான் போகிறது. முப்பது வருடம் ஆன மரவீட்டை விற்கும்போது கட்டடத்துக்குப் பெரும்பாலும் விலையே போடுவதில்லை, நிலத்துக்குத்தான் விலை. கிராமத்தில் அந்த நிலத்தின் விலையும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. பெற்றோர் காலமாகி, பிள்ளைகள் டோக்கியோவிலோ ஒசாகாவிலோ இருந்தால், வருடா வருடம் வரி கட்டி, புல் வெட்ட ஆள் வைத்துச் சலித்துப்போய், யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்று விற்கிறார்கள். அந்தச் செலவும் பொறுப்பும் அப்படியே உங்கள் கைக்கு வருகிறது. விலையைப் பார்க்கும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

வெளிநாட்டவர் வாங்கலாமா? வாங்கினால் விசா கிடைக்குமா? (கோயம்புத்தூர்)

வாங்கலாம். நிலமும் கட்டடமும் உங்கள் பெயரிலேயே முழு உரிமையாக வரும். ஜப்பானில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. ராணுவத் தளங்களுக்கும் எல்லைத் தீவுகளுக்கும் அருகே சில பகுதிகளில் மட்டும், 200 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள இடமானால் முன்கூட்டியே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இது 2022இலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

விசா கிடைக்காது. எத்தனை வீடு வாங்கினாலும் கிடைக்காது. கெஸ்ட் ஹவுஸ் தொடங்கித் தொழில் விசா எடுக்கலாம் என்று சில ஏஜெண்டுகள் இன்னும் சொல்கிறார்கள். அந்த விசாவுக்குத் தேவையான முதலீடு 50 லட்சம் யெனாக இருந்தது, 2025 அக்டோபரில் மூன்று கோடி யெனாக உயர்ந்துவிட்டது. முழுநேர ஊழியர் ஒருவரையும் வைத்திருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து போகிறவராக இருந்தால், அந்த வீடு வருடத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். இந்த ஈரப்பதத்தில் பூட்டிய மரவீடு சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால் இந்தியாவில் இருந்துகொண்டு வாங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை.

வீட்டின் விலை 30 லட்சம் யென். எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்? (நிஷிகசாய்)

தரகுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. விலை 80 லட்சம் யென் வரை இருந்தால், தரகர் வரியோடு சேர்த்து 3,30,000 யென் வரை கேட்கலாம் என்று 2024 ஜூலையில் விதி மாறியது. மலிவு வீட்டைத் தரகர்கள் தொடாமலே விட்டதுதான் மாற்றத்துக்குக் காரணம். அப்புறம் பெயர் மாற்றப் பதிவு வரி, அடிப்படையில் நகராட்சி போடும் மதிப்பீட்டு விலையில் 2 சதவீதம். பதிவு வேலையைச் செய்யும் ஷிஹோஷோஷிக்குத் தனிக் கட்டணம். வாங்கிச் சில மாதம் கழித்து, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, சொத்து பெற்றதற்கான வரி என்று மாகாணத்திலிருந்து ஒரு சீட்டு வரும். வீட்டுக்கும் நிலத்துக்கும் 3 சதவீதம். அதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். வருடாந்திரச் சொத்து வரி மதிப்பீட்டில் 1.4 சதவீதம். மதிப்பீடு குறைவாக இருப்பதால் கிராமத்தில் இது பெரிய தொகையாக வராது.

ஆனால் இவை எதுவும் பெரிய செலவு இல்லை. கூரை, அடித்தளம், கழிவுநீர் மூன்றையும் சரிசெய்யும்போதுதான் வீட்டின் விலையையே தாண்டும்.

ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும், அக்கா? (சைத்தாமா)

வீட்டைப் பார்க்காதீர்கள், முதலில் வாசலில் உள்ள சாலையைப் பாருங்கள். நான் சொல்வதில் இது ஒன்றையாவது மறக்காதீர்கள்.

கட்டடத் தரச் சட்டப்படி, நகரத் திட்டப் பகுதிகளில், குறைந்தது 4 மீட்டர் அகலமுள்ள சாலையை உங்கள் மனை குறைந்தது 2 மீட்டர் நீளத்துக்குத் தொட வேண்டும். தொடாவிட்டால், இருக்கும் வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்ட அனுமதி கிடைக்காது. 1950இல் இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே பிரித்த மனைகள் ஏராளம். அதனால் இப்படிச் சிக்கிய வீடுகளும் ஏராளம். விளம்பரத்தில் ‘சாய்கென்சிகு ஃபுகா’, அதாவது மறுபடி கட்ட முடியாது, என்று ஒரு வரி இருந்தால் விலை பாதியாக இருப்பதன் காரணம் அதுதான்.

முன்பெல்லாம், கட்டத்தானே முடியாது, உள்ளே முழுக்கப் புதுப்பித்துக்கொள்கிறேன் என்று வாங்குவார்கள். 2025 ஏப்ரலில் அந்த வழியும் குறுகிவிட்டது. இரண்டு மாடி மரவீட்டில் தூண், உத்திரம், கூரை, சுவர் போன்றவற்றில் ஏதாவது ஒன்றைப் பாதிக்கு மேல் மாற்றினால், இப்போது கட்டட அனுமதி வாங்க வேண்டும். சாலை விதியை நிறைவு செய்யாத வீட்டுக்கு அந்த அனுமதி கிடைப்பது மிகக் கடினம்.

சாலை 4 மீட்டருக்குக் குறைவாக இருந்தாலும் நகராட்சி அங்கீகரித்த சாலையாக இருந்தால், மையக் கோட்டிலிருந்து 2 மீட்டர் பின்வாங்கிக் கட்டலாம். மனையில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். அது எந்த வகைச் சாலை என்பதை நகராட்சியின் கட்டடப் பிரிவில் நீங்களே கேட்கலாம். தரகர் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். மனை நகரமயக் கட்டுப்பாட்டுப் பகுதியில், அதாவது நகரம் பரவாமல் தடுக்க ஒதுக்கிய பகுதியில், இருக்கிறதா என்பதையும் அதே இடத்தில் கேளுங்கள். அங்கும் புதிதாகக் கட்டுவதற்குத் தடைகள் உண்டு.

நிலநடுக்கத்துக்குத் தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (நாகோயா)

1981 ஜூன் 1 என்ற தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து கட்டட அனுமதி பெற்றவை புதிய நிலநடுக்கத் தரத்தில் வரும். கட்டி முடித்த தேதியைப் பார்க்கக் கூடாது, அனுமதித் தேதியைத்தான் பார்க்க வேண்டும். 1982இல் முடிந்த வீடு பழைய தரத்தில் அனுமதி பெற்றதாக இருக்கலாம். மரவீடுகளுக்கு 2000இல் விதி இன்னும் இறுகியது, அதற்குப் பின் கட்டியதானால் இன்னும் நல்லது. 2024 ஜனவரி 1 அன்று நோத்தோ தீபகற்பத்தில் இடிந்து விழுந்தவற்றில் பழைய மரவீடுகள்தான் அதிகம். பழைய தரத்து வீடுகளின் தாங்குதிறன் சோதனைக்கும் பலப்படுத்தவும் பல நகராட்சிகள் மானியம் தருகின்றன. காப்பீட்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நிலநடுக்கக் காப்பீடு தனியாகக் கிடைக்காது, தீக் காப்பீட்டோடுதான் எடுக்க முடியும். அந்தத் தொகையில் 30 முதல் 50 சதவீதம் வரைதான் வரும்.

இங்கே போசோவில் புயலும் ஒரு கவலை. 2019 செப்டம்பர் புயலில் ஓடுகள் பறந்து, கூரைகளின்மேல் நீலத் தார்ப்பாய் போட்டபடி பல ஊர்கள் மாதக்கணக்கில் கிடந்தன. நகராட்சியின் ஆபத்து வரைபடத்தில் வெள்ளம், மண்சரிவு, சுனாமி மூன்றையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பார்த்த வீட்டில் பழைய குழிக் கழிப்பறை இருக்கிறது. மாற்றலாமா? (இபராகி)

மாற்றலாம். பொதுச் சாக்கடை இல்லாத ஊரானால் ஜோகாசோ என்ற சுத்திகரிப்புத் தொட்டியைத் தோட்டத்தில் புதைக்க வேண்டும். பத்து லட்சம் யென் அளவில் யோசித்துக்கொள்ளுங்கள். நகராட்சி மானியம் இருக்கிறதா என்று வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும், தொடங்கிவிட்டால் தர மாட்டார்கள். தொட்டி வந்த பிறகு வருடாந்திரப் பரிசோதனையும் கழிவு அகற்றலும் சட்டப்படி கட்டாயம். குழாய்த் தண்ணீரா கிணறா என்பதையும் இதோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

விற்பவரின் தாத்தா பெயரில்தான் பதிவு இருக்கிறதாம். பிரச்சினை இல்லை என்கிறார்கள். நம்பலாமா? (யோக்கோஹாமா)

பதிவு மாறும்வரை பணம் கொடுக்காதீர்கள். நம் ஊரில் கூட்டுப் பட்டா நிலத்தை ஒரே ஒரு பங்காளியிடம் பேசி வாங்கினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும். தாத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள், அவர்களுக்குப் பிள்ளைகள் என்று வாரிசுகள் இருபது பேர் இருக்கலாம். அத்தனை பேரும் ஒப்புக்கொண்டு முத்திரை வைத்தால்தான் விற்பவர் பெயருக்கு வீடு வரும். 2024 ஏப்ரல் 1 முதல் வாரிசுப் பதிவு கட்டாயம். சொத்து கிடைத்தது தெரிந்து மூன்று வருடத்துக்குள் செய்யாவிட்டால் ஒரு லட்சம் யென் வரை அபராதம். அதனால் இப்போது பலர் பதிவைச் சரிசெய்கிறார்கள். இந்த வேலையை விற்பவரே அவர் செலவில் முடிக்க வேண்டும். எல்லைக் கற்கள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். பழைய மனைகளில் பல அளக்கப்படாதவை.

உள்ளே இருக்கும் பொருட்களை யார் அகற்றுவது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அலமாரி, பாத்திரம், படுக்கை எல்லாம் அப்படியே இருக்கும். சில வீடுகளில் முன்னோரை வணங்கும் புத்த மாடமும் இருக்கும். அதைக் குப்பையாகப் பார்க்காதீர்கள். கோயில் குருவை அழைத்துச் சடங்கு செய்து எடுக்கும் வழக்கம் உண்டு. அந்தக் குடும்பம் அதைச் செய்து முடிக்க நேரம் கொடுங்கள். அதே ஊரில் நீங்கள் வாழப் போகிறீர்கள்.

வங்கிக் கடன் கிடைக்குமா? (கவாசாக்கி)

ஜப்பானில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை இல்லாதவர்களுக்குக் கடினம். அது இருந்தாலும் இவ்வளவு பழைய, மலிவான வீட்டுக்கு வங்கிகள் ஆர்வம் காட்டுவதில்லை. கைப்பணம் என்றே திட்டமிடுங்கள்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்பி வாங்க விதி என்ன? (பெங்களூரு)

ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம், அதில் வீடு வாங்குவதும் அடங்கும். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் பகுதிக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும், அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் இந்த வீட்டைக் காட்டியே ஆக வேண்டும். விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். ஜப்பானில் சம்பாதித்து இங்கேயே வாங்கியவர்கள் ஊர் திரும்பினாலும் வீட்டை வைத்துக்கொள்ளலாம், ஆனால் கணக்கில் காட்டும் கடமை அவர்களுக்கும் வரும்.

ஜப்பான் பக்கம்: வெளிநாட்டில் இருந்து வாங்குபவர், ஜப்பான் மத்திய வங்கி வழியாக நிதியமைச்சருக்கு 20 நாளுக்குள் அறிக்கை தரும் விதி இருக்கிறது. வரிச் சீட்டுகளைப் பெற்றுக் கட்ட உள்ளூரில் ஒரு பிரதிநிதியையும் நியமிக்க வேண்டும்.

யுசவாவில் பனிச்சறுக்கு ஃப்ளாட் பத்து லட்சம் யெனுக்குள் கிடைக்கிறதே? (சிங்கப்பூர்)

நீகாத்தா மாகாணத்து யுசவாவில் 1980களின் இறுதியில் பணம் புரண்ட காலத்தில் கட்டிய மாடிக் குடியிருப்புகள் அவை. வெந்நீர்க் குளம், பனிச்சறுக்கு வசதி எல்லாம் உண்டு. அவற்றைப் பராமரிக்கும் மாதக் கட்டணமும் பழுதுநீக்க நிதியும் நீங்கள் போகாத மாதத்திலும் போகும். முந்தைய உரிமையாளர் பாக்கி வைத்திருந்தால் அதையும் புதியவரிடம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. பாக்கி எவ்வளவு என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டோடு கொஞ்சம் வயலும் வருகிறது. நல்லதுதானே? (திருச்சி)

வயலுக்கு ஊர் வேளாண்மைக் குழுவின் அனுமதி வேண்டும், அது இல்லாமல் உரிமை உங்களுக்கு மாறாது. குறைந்தபட்சப் பரப்பு விதி 2023 ஏப்ரலில் நீங்கியதால் சின்ன வயலும் இப்போது வாங்க முடிகிறது. ஆனால் நீங்களே பயிர் செய்வீர்களா என்று பார்ப்பார்கள். செய்ய மாட்டீர்கள் என்றால் வயலை ஒப்பந்தத்திலிருந்து பிரிக்கச் சொல்லுங்கள்.

ஏர்பிஎன்பியில் விட்டுச் சம்பாதிக்கலாமா? (துபாய்)

2018 சட்டப்படி, சாதாரண வீட்டில் வருடத்துக்கு 180 நாள்தான் விருந்தினரை வைக்கலாம். சில ஊர்களில் அதையும் குறைத்திருக்கிறார்கள். நீங்கள் அங்கே இல்லாவிட்டால் பதிவு பெற்ற நிர்வாக நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். ரயில் இல்லாத கிராமத்தில் கணக்குக் கட்டுபடியாவது அரிது.

பிடிக்காவிட்டால் அரசிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா? (மதுரை)

முடியாது. வேண்டாத நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும் திட்டம் 2023இல் வந்தது, ஆனால் வாரிசாகப் பெற்றவர்களுக்குத்தான். அதிலும் கட்டடம் இருக்கக் கூடாது. விலைக்கு வாங்கியவர் இன்னொருவருக்கு விற்க வேண்டும், அல்லது வைத்திருக்க வேண்டும். கவனிக்காமல் விட்டு, வீட்டைச் சரிசெய்யச் சொல்லி நகராட்சியின் எழுத்துபூர்வப் பரிந்துரை வரும் நிலைக்குப் போனால், வீட்டு மனைக்கு உள்ள வரிச் சலுகை போய்விடும். 200 சதுர மீட்டர் வரை ஆறில் ஒரு பங்காக மதிப்பிடும் சலுகை அது.

இவ்வளவும் கேட்ட பிறகும் எங்களுக்கு ஆசை இருக்கிறது, அக்கா. எங்கிருந்து தொடங்குவது? (நிஷிகசாய்)

ஜப்பானில் விசாவும் வேலையும் இருந்து, வார இறுதியிலாவது போய்த் தங்குவீர்கள் என்றால் எனக்கு மகிழ்ச்சிதான். பிள்ளைகளோடு வரும் ஒரு குடும்பத்துக்காக இந்த ஊர்கள் உண்மையிலேயே ஏங்குகின்றன. நகராட்சிகள் நடத்தும் அகியா பேங்க் பட்டியலில் தொடங்குங்கள். குடியேற வேண்டும், ஊர்ச் சங்கத்தில் சேர வேண்டும் என்று சில ஊர்கள் நிபந்தனை போடும். சங்கம் என்றால் மாதச் சந்தா, கால்வாய் சுத்தம், புல்வெட்டு எல்லாம் சேர்ந்தது.

வாங்குவதற்கு முன் அந்த ஊரில் தங்கிப் பாருங்கள். குறைந்த வாடகையில் சில நாளோ சில மாதமோ தங்க, பல நகராட்சிகள் சோதனைக் குடியிருப்பு வைத்திருக்கின்றன. பிப்ரவரிக் குளிரில் ஒரு முறை, புல்லும் பூச்சியும் ஏறும் ஆகஸ்டில் ஒரு முறை போங்கள். அக்கம்பக்கத்தில் பேசி, மருத்துவமனை எவ்வளவு தூரம், பேருந்து எப்போது என்று கேளுங்கள். பிறகு ஒரு கட்டடப் பரிசோதகரை அழைத்துக்கொண்டு வீட்டைப் பாருங்கள். கறையான் இருக்கிறதா என்று தரைக்கு அடியில் இறங்கிப் பார்க்கிறவராக இருக்க வேண்டும்.